அறுபடாத அளவீடு: தாது வருஷப் பஞ்சத்திலிருந்து மைத்ரி வரை

அண்டார்டிகாவில் இந்தியா எதற்காக ஆய்வு நிலையம் நடத்துகிறது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் கடல்மட்டம். அங்குள்ள பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்கள் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும் என்பார்கள். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அந்தப் பதில் பொருந்தும். கடல்மட்டத்திலிருந்து 250 மீட்டருக்கும் மேலே, மலைகளுக்கு நடுவே கிடக்கும் திண்டுக்கல் சமவெளிக்குப் பொருந்தாது. குடகனாற்றில் தண்ணீர் வருமா, ஆத்தூர் காமராசர் அணை நிரம்புமா, வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் சோளமும் கடலையும் தேறுமா என்பவையே இங்குள்ள கேள்விகள். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்வதால் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே இந்த மண் வாழ்கிறது. இப்படிப்பட்ட ஓர் உள்நாட்டு மாவட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் துருவ ஆய்வுக்கு ஏதாவது நியாயம் உண்டா? உண்டு என்பதே என் முடிவு. அந்த நியாயம் கொடி நாட்டுவதிலோ கனிமத்திலோ இல்லை; ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் அளந்துகொண்டிருப்பதில் இருக்கிறது. இந்தியாவின் துருவத் திட்டத்தை எடைபோட வேண்டிய தராசும் அதுதான்.

இதற்கான முதல் சான்று துருவத்தில் இல்லை, திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1876இல் பருவமழை பொய்த்துத் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியாவையும் தக்காணத்தையும் சூறையாடியது. 1878 வரையில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. அன்று மதுரை ஜில்லாவின் பகுதியாக இருந்த திண்டுக்கல் வட்டாரமும் அதற்குத் தப்பவில்லை. மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி அரசாங்கத்தின் கேள்வியானது அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைவது அப்போது தெரிந்திருந்தது. பஞ்சங்களும் அந்தச் சுழற்சியோடு ஒத்துப்போகின்றன என்று நார்மன் லாக்யர் போன்றவர்கள் வாதிட்டார்கள். சூரியனை நாள்தோறும் கவனித்தால் மழையை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை, பழனி மலையில் ஒரு வானாய்வகம் எழுவதற்கு முக்கியக் காரணமானது. 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1899இல் உருவாகி, 1901இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பணியைத் தொடங்கியது. பல பதிற்றாண்டுகள் அது வானிலைத் துறையின் கீழேயே இயங்கியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மழைக்காகக் கட்டப்பட்ட கண் அது.

மழை பற்றிய அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. கரும்புள்ளிகளை எண்ணி அடுத்த ஆண்டின் பருவமழையைச் சொல்லும் வழி இன்றுவரை யாருக்கும் கிட்டவில்லை. ஆனால் 1904 முதல் மேகம் விலகிய நாளெல்லாம் சூரியனின் முழு உருவத்தைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து வைத்தார்கள். 1907இல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார்; உலகின் எந்த வானியல் பாடநூலைத் திறந்தாலும் அது அவர் பெயரில் இருக்கிறது. அதைவிடப் பெரிய செல்வம் அந்தத் தகடுகள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே மலையிலிருந்து எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் உலகில் அரிது. சூரியக் காந்தப்புலத்தின் நெடுங்கால மாற்றங்களை அறிய இன்று அந்தத் தொகுப்பை எண்ணியல் வடிவுக்கு மாற்றி உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். 1904இல் முதல் தகட்டைக் கழுவி எடுத்தவருக்கு இந்தப் பயன் தெரிந்திருக்க வழியில்லை. தெரியாமலேயே அவர் செய்த வேலை இன்று பலன் தருகிறது என்றால், அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த வேலையை நிறுத்தாததே காரணம்.

அதே பஞ்சத்தின் தூண்டுதலில் பிறந்த இன்னொரு பாதையும் உண்டு. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்த ஆண்டுகளில் சமவெளிக்குப் பருவமழை குறைகிறது என்று 1884இல் எழுதினார். எங்கோ கிடக்கும் பனி, கண்காணாத இன்னொரு நிலத்தின் மழையை மாற்றும் என்ற எண்ணத்துக்கு இந்தியாவில் வயது 140 ஆண்டுகள். பிறகு வந்த கில்பர்ட் வாக்கர், உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்களின் அழுத்தக் கணக்குகளைத் திரட்டி ஒப்பிட்டு, பசிபிக் பெருங்கடலின் இரு பக்கமும் காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டார். இன்று எல் நினோ என்ற சொல் விவசாயிகளின் வாயிலும் புழங்குகிறதே, அந்த அறிவின் பாதி அங்கிருந்து வந்தது. வாக்கர் தேடியது இந்திய மழைக்கான முன்னறிவிப்பு. கண்டது உலகத்தின் காலநிலை அமைப்பு. அவர் கையில் இருந்தவை அவரே எடுத்த அளவுகள் அல்ல. பேர் தெரியாத நிலையங்களில் பேர் தெரியாத மனிதர்கள் தினமும் குறித்து வைத்தவை.

இந்தப் பின்னணியில்தான் இந்தியாவின் துருவத் திட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கடல் வளர்ச்சித் துறை தொடங்கப்பட்ட அதே 1981இன் டிசம்பர் 6 அன்று, சையது ஜகூர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்ற நார்வே கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9இல் அண்டார்டிகாவில் இறங்கினார்கள். ஹர்ஷ் குப்தா தலைமையிலான மூன்றாவது பயணம் 1983–84 கோடையில் ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையத்தைக் கட்டி முடித்தது. சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரு பெண் விஞ்ஞானிகளும் அந்தக் குழுவில் இருந்தார்கள். மிதக்கும் பனித்தட்டின் மேல் கட்டப்பட்ட அந்த நிலையத்தை ஆண்டுதோறும் விழுந்த பனியே மூடியது. 1990இல் அதைக் கைவிட வேண்டியிருந்தது. படிப்பினை வீண்போகவில்லை. அதற்கு முன்பே, 1989இல், ஷிர்மாக்கர் சோலை எனப்படும் பாறைத் திட்டில், பிரியதர்ஷினி என்று பெயரிடப்பட்ட ஏரிக்கரையில் ‘மைத்ரி’ எழுந்துவிட்டது. அங்கிருந்து கிழக்கே சுமார் 3,000 கிலோமீட்டரில் லார்ஸ்மன் குன்றுகளில் 134 கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டப்பட்ட ‘பாரதி’ 2012இல் வந்தது. வடதுருவப் பக்கம் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் நி-ஓலசுந்தில் ‘ஹிமாத்ரி’ 2008 முதலும், இமயத்தின் ஸ்பிதி பகுதியில் ‘ஹிமான்ஷ்’ 2016 முதலும் இயங்குகின்றன. எல்லாவற்றையும் கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் நடத்துகிறது. 1984 முதல் எல்லாத் தென்துருவக் குளிர்காலங்களிலும் இந்தியர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். பெருந்தொற்றின் நடுவிலும் 2021 ஜனவரியில் நாற்பதாவது பயணம் புறப்பட்டுப் போனது. செய்திகளில் மூலையில் ஒதுங்கிப்போன அந்தப் புறப்பாட்டை, இந்தத் திட்டத்தின் முக்கியமான சாதனைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

மைத்ரியில் நடக்கும் வேலையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அதில் வீரசாகசம் குறைவு, பொறுமை அதிகம். மே மாதக் கடைசியில் மறையும் சூரியன் ஜூலை கடைசி வரை எழாது. அந்த இருட்டிலும் இந்திய வானிலைத் துறையின் ஊழியர் வெளியே போய்க் காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை, வேகம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். ஓசோனை அளக்கும் சிறு கருவியைப் பலூனில் கட்டி விடுவார்கள். ஏறஏற அது அனுப்பும் அளவுகளைக் கீழே வாங்கிக்கொள்வார்கள். பலூனைக் காற்று தரையோடு இழுத்துப் பாறையில் அடித்துவிடாமல் பிடித்திருந்து விடுவதே ஒரு கலை. ஏரித் தண்ணீர் குழாயில் உறையாமல் வர அதைச் சூடேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு டீசல் வேண்டும். டீசலைப் பனித்தட்டின் விளிம்பில் கப்பலிலிருந்து இறக்கி, சங்கிலிச் சக்கர வண்டிகளில் இழுத்து வர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அந்த நாளின் அளவு கிடைக்காது. ஒரு வருஷத்து அடங்கல் தொலைந்தால் பட்டா வழக்கு எப்படி முடங்கிப்போகுமோ, அப்படித்தான் அறுந்த வரிசையும்: முன்னும் பின்னும் எவ்வளவு இருந்தாலும் நடுவில் விழுந்த ஓட்டை எல்லாவற்றின் மேலும் சந்தேகத்தைக் கிளப்பும்.

மைத்ரிக்குப் பக்கத்தில் தட்சிண கங்கோத்ரி என்றே பெயரிடப்பட்ட ஒரு பனியாற்றின் முனையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1983 முதல் ஆண்டுதோறும் அளந்து வருகிறது. அது பின்வாங்குவது ஆண்டுக்குச் சராசரியாக ஒரு மீட்டருக்கும் குறைவு. ஓராண்டு போய்ப் பார்த்தவருக்கு எதுவும் நடக்கவில்லை என்றுதான் தோன்றும். சில ஆண்டுகள் கழித்துப் போனாலும் அளவையின் பிழையா, பனியின் நகர்வா என்று சொல்ல முடியாது. பதிற்றாண்டுகள் சேர்ந்த பிறகே அது உண்மையான போக்கு என்று உறுதியாகிறது. உலகத்துக்கே தெரிந்த உதாரணம் ஓசோன் ஓட்டை. ஹாலி என்ற பிரித்தானிய நிலையத்தில் 1950களின் நடுப்பகுதியிலிருந்து ஒரே வகைக் கருவியால் ஓசோனை அளந்து வந்தார்கள். அந்த நீண்ட வரிசை கையில் இருந்ததால்தான் ஜோசப் ஃபார்மனும் இரு தோழர்களும் 1985இல் அந்தச் சரிவை ஐயமில்லாமல் அறிவிக்க முடிந்தது. அதே காலத்தில் செயற்கைக்கோள் பதிவு செய்த மிகக் குறைந்த அளவுகள் சந்தேகத்துக்குரியவை என்று தனியே குறிக்கப்பட்டிருந்தன. விலையுயர்ந்த கருவி கண்டும் நம்பத் தயங்கியதை, அலுப்பூட்டும் பழைய வரிசை நிறுவியது. இரண்டே ஆண்டுகளில் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது.

பனி தானே ஒரு பதிவேடு என்பது இதில் இன்னும் ஆழமான பக்கம். ஆண்டுதோறும் விழும் பனி, மேலே விழும் பனியின் பாரத்தில் இறுகிக் கட்டியாகும்போது அந்தக் காலத்துக் காற்றைக் குமிழ்களாகச் சிறைப்பிடிக்கிறது. ஐரோப்பிய நாடுகள் கூடி அண்டார்டிகாவின் ‘டோம் சி’ மேட்டில் துளைத்தெடுத்த பனித்தண்டு 8 லட்சம் ஆண்டுகளின் கதையைச் சொல்கிறது: அவ்வளவு காலத்திலும் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்திய விஞ்ஞானிகள் மைத்ரிக்குத் தெற்கேயுள்ள பகுதியில் எடுத்த தண்டுகள் இவ்வளவு ஆழமானவை அல்ல, சில நூற்றாண்டுகளுக்கே போகின்றன. கோவா ஆய்வகத்தின் உறைகுளிர் அறையில் அவற்றை வெட்டி, அடுக்கு அடுக்காக உருக்கி, அதில் கரைந்திருப்பவற்றை அளக்கிறார்கள். துருவப் பனியில் பெரிலியம்-10 என்ற ஓர் அணு வகையும் படிகிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்குவது அது. சூரியன் துடிப்பாக இருக்கும்போது அதன் காந்தப்புலம் அந்தக் கதிர்களைத் தள்ளிவிடுவதால் பெரிலியம் குறையும். சூரியன் அடங்கியிருந்தால் கூடும். ஆக, தொலைநோக்கி பிறப்பதற்கு முன்பிருந்த சூரியனின் நடத்தையும் துருவப் பனியில் எழுதப்பட்டிருக்கிறது. கரும்புள்ளிகளைக் கண்ணால் கண்டு பதிந்த காலத்தோடு பொருத்திப் பார்த்தால்தான் பனியின் எழுத்தை நம்பிக்கையோடு படிக்க முடியும். கொடைக்கானல் தகடுகளும் துருவப் பனியும் ஒரே வரலாற்றின் இரு அத்தியாயங்கள். மழையை அறிய சூரியனையும் பனியையும் தனித்தனியே தேடிய அன்றைய மனிதர்கள், இவை இப்படி வந்து சேரும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

இங்கே எழும் மறுப்புகள் வலுவானவை, அவற்றை ஒதுக்கிவிட முடியாது. கொடைக்கானல் கதை என் வாதத்துக்கே எதிரானது என்று ஒருவர் சொல்லலாம்: மழையைச் சொல்வதாகப் பணம் வாங்கி மழையைச் சொல்லாத ஆய்வகம் அது, துருவமும் அப்படித்தானே ஆகும்? பாதி உண்மை இது. துருவ அளவுகளிலிருந்து வடமதுரை விவசாயிக்குப் புரட்டாசியில் எதை விதைக்கலாம் என்று சொல்லும் காலம் அருகில் இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி வாக்குக் கொடுத்துப் பணம் கேட்பதும் தவறு. ஆனால் காலநிலை அறிவு என்ற பெரும் கட்டடத்தில் எந்தக் கல் எங்கே தாங்கும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை என்பதையும் அதே கதைதான் காட்டுகிறது. சூரியனிலிருந்து மழைக்கு நேர்வழி கிடைக்கவில்லை. அழுத்தக் கணக்குகளிலிருந்து வழி கிடைத்தது. இரண்டையும் அளந்து வைத்ததால்தான் எது வழி, எது இல்லை என்றே தெரிந்தது. ஒரு கருத்து தவறு என்று நிறுவுவதற்கும் நீண்ட வரிசை வேண்டும்.

ஏழை நாட்டுக்கு இது ஆடம்பரம் என்பது அடுத்த மறுப்பு. புவி அறிவியல் அமைச்சகத்தின் ‘பிருத்வி’ திட்டத்துக்கு 2021–26 காலத்துக்கு ரூ.4,797 கோடி ஒப்புதலாகியிருக்கிறது. வானிலை, கடல், நிலநடுக்க ஆய்வு, பயிற்சி என்று அதற்கு ஐந்து கிளைகள், துருவ ஆய்வு அவற்றில் ஒன்று. ஐந்தாண்டுக்கும் ஐந்து துறைக்கும் சேர்ந்த தொகை இது. பருவமழையை நம்பி வாழும் நாடு ஒன்றுக்கு இது மிகை என்று எனக்குத் தோன்றவில்லை. பிற நாடுகள் எடுக்கும் தரவை இரவல் வாங்கினால் போதாதா என்பதற்குப் பதில் வேறு. 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கண்டத்தில் நிலையங்கள் மிகச் சில. வானிலைக் கணிப்பு மாதிரி எதுவானாலும் இன்றைய நிலையிலிருந்துதான் நாளையைக் கணக்கிடுகிறது. அளப்பவர் இல்லாத இடத்தில் மாதிரி ஊகத்தை வைத்தே நிரப்பிக்கொள்ளும். எல்லோரும் இரவல் வாங்கினால் கொடுப்பவர் யார்? மேலும் அண்டார்டிகா ஒப்பந்தம் கணிசமான ஆய்வு நடத்தும் நாடுகளுக்கே முடிவெடுக்கும் உரிமையைத் தருகிறது. 1956இலேயே அந்தக் கண்டத்தின் எதிர்காலம் பற்றி ஐ.நா. பேச வேண்டும் என்று இந்தியா கேட்டது, நடக்கவில்லை. 1959இல் 12 நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. நிலையம் கட்டத் தயாரான 1983இல்தான் இந்தியாவுக்கு அந்த மேசையில் இடம் கிடைத்தது. இன்று அப்படிப்பட்ட நாடுகள் 29.

கனிமத்துக்காகவே எல்லோரும் அங்கே காத்திருக்கிறார்கள் என்ற பேச்சும் உண்டு. 1991இன் மாட்ரிட் உடன்படிக்கை கனிமம் தோண்டுவதைத் தடை செய்திருக்கிறது. 2048இல் அது காலாவதியாகிவிடும் என்று பலர் எழுதுவது பிழை, மறுபரிசீலனை கேட்கும் வழிதான் அப்போது எளிதாகிறது. பாறை உறவும் அடிக்கடி மேடையேறும். கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்தன என்பதும், சிறுமலையிலும் கொடைக்கானலிலும் உள்ள சார்னோகைட் பாறை அண்டார்டிகாவின் மாசன் நிலையத்தின் அடியிலும் இருக்கிறது என்பதும் உண்மைதான். மனத்தைக் கவரும் உண்மை. ஆனால் பாறையைப் படிக்கக் கோடையில் போய்த் திரும்பினால் போதும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் காத்திருக்கும் கல் அடுத்த கோடைக்கும் இருக்கும். ஆண்டு முழுவதும் ஆள் தங்க வேண்டியது காற்றுக்காகவும் பனிக்காகவும், புவிக் காந்தத்துக்காகவும்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு திட்டத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆர்க்டிக்கின் காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும் செப்டம்பரில் மத்திய இந்தியாவில் பெருமழை கொட்டுவதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கோவா மையத்தினர் உள்ளிட்டோர் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல ஆய்வு, எச்சரிக்கையோடு எழுதப்பட்டது. ஆனால் துருவத்தையும் இந்திய மழையையும் இணைக்கும் முயற்சிகளில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை பற்றியதே. வடகிழக்குப் பருவமழை பிறப்பதே வட ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்து, அங்கே காற்றழுத்தம் உயர்ந்து, காற்று தெற்கே திரும்பும்போது. வடக்கின் பனிக்கும் ஐப்பசி மழைக்கும் உறவு உண்டா, எந்த அளவுக்கு என்பது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. விடை ‘இல்லை’ என்று வந்தாலும் அது விடையே. இதைக் கேட்கத் தமிழ்நாட்டுக்கு வசதி இல்லாமலும் இல்லை. ஹிமாத்ரிக்கு அருகே காங்ஸ் நீர்க்குடாவில் 192 மீட்டர் ஆழத்தில் 2014 முதல் கடலின் வெப்பத்தையும் உப்பையும் நீரோட்டத்தையும் அளக்கும் ‘இண்டார்க்’ கருவித் தொடரை வடிவமைத்ததில் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. காந்திகிராமத்திலும் மதுரையிலும் கோவையிலும் வானிலையும் வேளாண்மையும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். தரவுக்கும் இவர்களுக்கும் இடையே பாலம் போடுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

வரிசை அறுபடும் ஆபத்து இன்னொரு பக்கமிருந்தும் வருகிறது. பனியை உடைத்துச் செல்லும் சொந்தக் கப்பல் இந்தியாவிடம் இல்லை. 1981 முதல் வாடகைக் கப்பல்தான். 2014இல் ரூ.1,051 கோடிக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தும் கப்பல் வரவில்லை. 2025இல்தான் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு துருவக் கப்பலை வடிவமைக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. மைத்ரி தன் திட்டமிட்ட ஆயுளைத் தாண்டி உழைத்துக்கொண்டிருக்கிறது. புதிய ‘மைத்ரி-2’ பற்றிய எண்ணத்தை 2024 மே மாதம் கொச்சியில் நடந்த அண்டார்டிகா ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில் இந்தியா முன்வைத்தது. புதிய கட்டடம் எழும்போது பழையதை உடனே மூடிவிடும் ஆசை வரும், செலவு மிச்சம் என்று கணக்கும் சொல்லப்படும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. கருவி மாறினாலும், கருவி நிற்கும் இடம் சில நூறு மீட்டர் நகர்ந்தாலும் அளவு சற்று மாறும். பழைய இடத்திலும் புதிய இடத்திலும் சில ஆண்டுகள் ஒரே நேரத்தில் அளந்து, வித்தியாசத்தைக் கணக்கிட்ட பிறகுதான் 1989 முதலான வரிசையைப் புதியதோடு ஒட்ட முடியும். இரண்டு நிலையங்களையும் அந்தச் சில ஆண்டுகள் சேர்த்து நடத்துவதற்கான ஆளும் டீசலும் பணமும் மைத்ரி-2இன் திட்ட மதிப்பீட்டிலேயே, கட்டடச் செலவுக்குப் பக்கத்திலேயே, எழுதப்பட்டிருக்க வேண்டும்.